இதழைத் தொடங்குதல் எளிது, வாசகரைத் தேடுதல் அரிது: ஈழத்து இதழியல் வரலாறு தரும் பாடங்கள்

சொந்தமாக எழுதி, சொந்தச் செலவில் வெளியிட்டு, வாசகரையும் தாமே தேடிக்கொள்ள வேண்டிய நிலை இன்றைய தலைமுறைக்கு மாத்திரம் உரியதன்று. ஈழத்தில் தமிழ் அச்சேறத் தொடங்கிய நாள் முதலாகவே எழுத வந்தோர் பலரும் இந்நிலைக்கு முகங்கொடுத்துள்ளனர். அவர்களுள் சிலர் வென்றனர். பலர் மூன்று நான்கு இதழ்களுடன் கடனாளியாகி ஓய்ந்தனர்.

பத்திரிகைத் துறையில் நான் கழித்த ஆண்டுகளில் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்விகள் இரண்டு. 'எழுத விருப்பம் உண்டு, எங்கே தொடங்குவது?' என்பது ஒன்று. 'எழுதினால் யார் வாசிப்பார்கள்?' என்பது மற்றையது. முதற் கேள்விக்கு எவரும் விடை கூறிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு என் சொந்த அபிப்பிராயத்தைக் கூறுவதிலும், நமது வரலாற்றை எடுத்துக்காட்டுவதே பொருத்தமானது எனக் கருதுகின்றேன்.

அச்சகத்துக்கு முன் பாடசாலை

அமெரிக்க மிசனரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தமது பணியைத் தொடங்கினர். அச்சுத் தொழில் தெரிந்த ஜேம்ஸ் கரட் என்பவரை 1820இல் அவர்கள் வரவழைத்தனர். ஆயின் அக்காலத்தில் ஆட்சிப் பொறுப்பிலிருந்த சேர் எட்வேட் பார்ண்ஸ் அவரைத் தங்கவிடவில்லை. தீவைவிட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்ட கரட் பின்னர் பம்பாயில் அச்சுப்பணி செய்தார். அமெரிக்க மிசனுக்கு மற்றோர் அச்சாளர் வாய்ப்பதற்கு 1834 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் ஈஸ்ற்மன் மைனர் வந்து சேர, மானிப்பாயில் அச்சுப்பணி உறுதியாகக் காலூன்றியது.

அந்த அச்சகத்திலிருந்து 1841 ஜனவரி 7ஆம் திகதி 'உதயதாரகை' வெளிவந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் மாதம் இருமுறை வந்த அவ்விதழின் ஆசிரியர்களாக இருந்தோர் ஹென்றி மாட்டின், சேத் பேசன் ஆகிய இருவர். பெயரைக் கொண்டு அவர்களை வெள்ளையர் என எண்ணிவிடலாகாது. இருவரும் மிசன் கல்வி பெற்ற இந்நாட்டுத் தமிழர்களே. சமயம் மட்டுமன்றிக் கல்வி, விஞ்ஞானம், விவசாயம், அரசாங்கம் ஆகியனவும் நாட்டு நடப்புக்களும் அதில் இடம்பெற்றன.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. உதயதாரகை வாசகரைத் தேடிப் புறப்பட்டபோது வாசகர் ஏலவே ஆயத்தமாக இருந்தனர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்றுவிட்டது. கிராமங்கள்தோறும் மிசன் பாடசாலைகள் இருந்தன. அங்கே எழுத்தறிவு பெற்றோரும் ஆசிரியப் பணி புரிந்தோருமே அவ்விதழின் இயல்பான வாசகராயினர். எழுத்து பரவுவதற்கான வாய்க்காலை வெட்டிய பின்னரே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள் எனலாம்.

நாவலர் செய்த காரியம்

மிசனரிமாரின் எதிர்முகாமில் நின்ற ஆறுமுக நாவலரும் இவ்வொழுங்கையே பின்பற்றினார். நாவலரைப் பற்றி எழுதுவோர் அவரது உரைநடையையும் பதிப்புப் பணியையும் பெரிதும் போற்றுவர். அவர் தமது காரியங்களைச் செய்த வரிசைமுறை அத்துணை கவனிக்கப்படுவதில்லை.

1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலில் அவர் பிரசங்கத்தைத் தொடங்கினார். அது வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு, 1848இல், வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதன் பின்னரே, 1849இல், அச்சு இயந்திரம் வாங்குவதற்காகச் சென்னப்பட்டணம் சென்றார். அப்பயணத்தின்போதுதான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' என்னும் பட்டத்தை வழங்கியது. இயந்திரத்துடன் ஊர் திரும்பியவர் வித்தியாநுபாலன யந்திரசாலையை அமைத்தார். பாலபாடம் முதலிய நூல்கள் அச்சாகி வெளிவரலாயின.

முதலிற் பேச்சு, அடுத்துப் பாடசாலை, அதன் பின்னர் அச்சகம். யாருக்காக அச்சிடுகின்றோம் என்பது இயந்திரம் வந்திறங்கிய நாளிலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. வாரந்தோறும் தம் முன் அமர்ந்து கேட்ட மக்களின் முகங்களை அவர் அறிவார். அவர்களுக்கு விளங்குவது எது, விளங்காதது எது என்பதையும் அறிவார். அவரது உரைநடையின் தெளிவுக்கு இலக்கணப் புலமை ஒரு காரணம் என்றால், இவ்வநுபவம் இன்னொரு காரணம் என்பது என் துணிபு.

1930: இரண்டு கேசரிகள்

ஈழத்து இதழியலில் 1930 ஒரு முக்கியமான ஆண்டு. சுன்னாகத்திலிருந்து நா. பொன்னையா 'ஈழகேசரி' வார இதழைத் தொடங்கியதும், கொழும்பிலிருந்து ஆவணிப்பட்டி சுப்பிரமணியம் செட்டியார் 'வீரகேசரி' நாளேட்டைத் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தன. இரண்டு வருடங்கள் கழித்து, 1932இல், லேக் ஹவுஸ் நிறுவனம் 'தினகரன்' நாளேட்டை வெளியிடலாயிற்று.

வீரகேசரிக்குக் கொழும்பின் வர்த்தக சமூகமும் மலையகத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளி மக்களும் தளமாயினர். ஈழகேசரியின் வழி வேறு. குரும்பசிட்டியிற் பிறந்த பொன்னையா சுன்னாகத்தில் திருமகள் அழுத்தகத்தை நடத்தியவர். கணேசையரின் உரைக்குறிப்புக்களுடன் தொல்காப்பியத்தைப் பதிப்பித்து வெளியிட்ட பெருமை அவருக்குரியது. இத்தகைய புலமைச் சூழலில் நின்றுகொண்டே அவர் புதிய எழுத்துக்கும் இடங்கொடுத்தார். ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளான இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் ஆகியோரின் எழுத்துக்கள் ஈழகேசரியில் வெளிவந்தன. எழுதப் பழகிய இளைஞர்களுக்கும் அதிற் களம் கிடைத்தது.

ஓர் இளைஞனின் கதை அச்சில் வந்தால் அவனுடைய ஊர் முழுவதும் அந்த இதழை வாசிக்கும். வாசிகசாலையில் ஒருவர் உரத்து வாசிக்க ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. ஒரு பிரதி விற்றது என்பதற்கு ஒருவர் வாசித்தார் என்பது பொருளன்று. வாசகரை எழுத்தாளராக்கினால், அந்த எழுத்தாளர் பத்து வாசகரைக் கொண்டுவருவார் என்னும் கணக்கினை ஈழகேசரி நடைமுறையிற் காட்டியது. 1958 வரை அவ்விதழ் வெளிவந்தது.

ஈழகேசரியில் எழுதி வளர்ந்த தலைமுறையினர் சிலர் 1946இல் 'மறுமலர்ச்சி' என்னும் இதழைத் தொடங்கினர். வரதரும் அ. செ. முருகானந்தனும் முன்னின்று நடத்திய அவ்விதழ் 1948இல் நின்றுபோயிற்று. இலக்கிய வரலாற்றிலே அதற்கு அழியாத இடம் உண்டு. எனினும் தரமான எழுத்து மட்டும் ஓர் இதழை நிலைக்கச் செய்யாது என்பதற்கும் அதுவே சான்று.

சலூனில் மலர்ந்த மல்லிகை

நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை'. இன்றைய இளைஞர்கள் ஆறுதலாக அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

1927இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த ஜீவா, சாதியின் பெயரால் அவமதிக்கப்பட்டுச் சிறு வயதிலேயே பாடசாலையை விட்டு விலகியவர். சிகை அலங்கரிப்பு அவரது குடும்பத் தொழில். கஸ்தூரியார் வீதியில் இருந்த ஜோசப் சலூனே அவருக்குத் தொழிலகமும் படிப்பகமும் ஆயிற்று. தமிழகத்துப் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் மீது கொண்ட பற்றினால் தம் பெயருடன் 'ஜீவா' என்பதைச் சேர்த்துக்கொண்டார். 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் சிறுகதைத் தொகுதிக்காகச் சாகித்திய மண்டலப் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1966 ஓகஸ்டில் மல்லிகையின் முதல் இதழ் வெளிவந்தது. அது எத்தகைய காலம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் சம உரிமை கோரிய போராட்டம் வடபகுதியிற் சூடுபிடித்திருந்தது. சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிய தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலம் நடைபெற்றது அவ்வாண்டு ஒக்ரோபர் 21ஆம் திகதி, மல்லிகை பிறந்து இரண்டு மாதங்களின் பின்னராகும். சமூகம் தாழ்த்தி வைத்த ஒருவர் தமது தொழிற்கூடத்திலிருந்தே ஓர் இலக்கிய இதழின் ஆசிரியராகத் தலைநிமிர்ந்தார் என்பதன் பாரத்தை இப்பின்னணியில் வைத்தே அளவிட வேண்டும்.

வணிக நிலையும் சாதகமாக இருக்கவில்லை. ஆனந்த விகடன், கல்கி, குமுதம் முதலிய தமிழகச் சஞ்சிகைகள் கடைகளில் நிறைந்திருந்தன. அவற்றின் விலையுடனும் வண்ணத்துடனும் போட்டியிட ஈழத்துச் சிற்றிதழ் எதனாலும் முடியாது. கடைக்காரர் அதனை ஒரு மூலையில் வைப்பார், அல்லது வைக்கவே மாட்டார். 1970இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய பின்னர் நிலைமை சற்றே மாறியது. 1977இற்குப் பின் பழைய நிலை மீண்டது.

இந்நிலையில் ஜீவா செய்தது யாது? கடைக்காரரை நம்பியிராமல் தாமே புறப்பட்டார். இதழ்கள் நிறைந்த பையைச் சுமந்துகொண்டு வீதி வீதியாக நடந்தார். பஸ் ஏறி ஊர் ஊராகச் சென்றார். அறிந்தவர் அறியாதவர் என்ற பேதமின்றி நேரிலே கொடுத்துப் பணம் பெற்றார். இலக்கியக் கூட்டம் எங்கு நடந்தாலும் அங்கே மல்லிகையும் இருந்தது. இதனை எள்ளி நகையாடியோரும் உண்டு. பேராசிரியரும் வாங்கினர், தொழிலாளரும் வாங்கினர் என்பதே அந்நகைப்புக்குக் கிடைத்த விடை.

விற்பனை முயற்சி மட்டும் போதாது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஈழத்து எழுத்தாளரதும் கலைஞரதும் உருவப்படத்தை அட்டையில் வெளியிட்டு அவர்களைப் பற்றிய அறிமுகத்தையும் எழுதச் செய்தார். சினிமா நடிகையரின் படமே அட்டைக்கு உரியது என்றிருந்த காலத்தில் இது சிறிய காரியமன்று. பிரதேசச் சிறப்பிதழ்கள் வெளியிட்டு அவ்வப் பகுதி மக்களையும் இதழுடன் பிணைத்தார். 'தூண்டில்' என்ற கேள்வி பதில் பகுதியில் வாசகரோடு நேரிற் பேசினார். சிங்களப் படைப்புக்களைத் தமிழில் தந்தார். தம்மைப் பற்றியும் தம் ஊரைப் பற்றியும் அக்கறை கொண்ட இதழ் இது என்னும் எண்ணம் வாசகருக்கு உண்டாயிற்று.

யாழ்ப்பாணத்திற் பிறந்த மல்லிகை பின்னர் கொழும்புக்குப் பெயர்ந்தது. 2012 வரை 400 இதழ்களுக்கு மேல் வெளிவந்தது. மாத இதழ் என்ற கணக்கின்படி 550ஐத் தாண்டியிருக்க வேண்டும். போரும் இடப்பெயர்வும் தட்டுப்பாடுகளும் குறுக்கிட்ட நாட்டிலே இந்த இடைவெளியைக் குறை என்று நான் கூறமாட்டேன். பொருளாதாரத் தடை நிலவிய 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் பாடசாலைக் கொப்பிகளின் கோடிட்ட தாள்களிலும் அச்சாயின என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். நின்றுபோன ஒவ்வொரு முறையும் மல்லிகை திரும்பி வந்தது என்பதே இங்கு முக்கியம். ஜீவா 2021 ஜனவரியில் காலமானார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவன

நான் பணியாற்றிய ஒரு பத்திரிகை அலுவலகத்தில் விற்பனையாகாது திரும்பி வந்த பிரதிகளை ஓர் அறையிற் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஆசிரிய பீடத்தார் அந்த அறைப்பக்கம் போவதில்லை. விநியோகப் பகுதியினரோ நாள்தோறும் அதனைப் பார்ப்பர். எந்த ஊரிலிருந்து எத்தனை பிரதி திரும்பியது என்பதை அவர்களிடம் கேட்டறிவது என் வழக்கமாயிற்று. எங்கள் செய்தியில் எந்த ஊர் விடுபட்டதோ அந்த ஊரிலிருந்தே கட்டு பெருத்து வந்ததைப் பன்முறை கண்டுள்ளேன்.

இன்று எழுதத் தொடங்குவோருக்கு அச்சகமும் வேண்டாம், ஆளுநரின் அனுமதியும் வேண்டாம். கையிலுள்ள தொலைபேசியே போதும். கரட் நாடு கடத்தப்பட்டதையும் நாவலர் கடல் கடந்து இயந்திரம் கொண்டுவந்ததையும் எண்ணும்போது இது எத்துணை பெரிய வாய்ப்பு! ஆயின் தொடங்குதல் எளிதானமையால் தொடருதல் எளிதாகிவிடவில்லை.

யாருக்காக எழுதுகின்றோம் என்பதை முதலிலே தீர்மானியுங்கள். 'உலகத் தமிழர் அனைவருக்கும்' என்பது விடையாகாது. முகந்தெரிந்த ஐம்பது பேருக்காக எழுதத் தொடங்குங்கள். பிறர் அறியாத, உங்களுக்கு நன்கு தெரிந்த விடயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்க் குளமும் உங்கள் தொழிலும் எவரும் எழுதாத பொருள்களாக இருத்தல் கூடும். குறித்த நாளில் எழுதுங்கள். தடைப்பட்டால் மீண்டும் வாருங்கள். எழுதியதை எடுத்துச் சென்று பிறரிடம் கொடுப்பதற்கு வெட்கப்படாதீர்கள். ஜீவா பையைச் சுமந்து நடந்ததைவிட அது கடினமானதன்று. பிறருடைய எழுத்தையும் அறிமுகஞ் செய்யுங்கள். தன்னை மட்டுமே பேசுபவரை ஊரவர் இரண்டாம் முறை கேட்க வரமாட்டார்கள்.

இறுதியாக ஒன்று. எழுதியதைப் பாதுகாத்து வையுங்கள். 1981ஆம் ஆண்டு மே மாத முடிவிலும் ஜூன் மாத முதலிலுமாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அந்நாட்களிலேயே 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் தீக்கிரையாயிற்று. ஈழத்துப் பழைய இதழ்கள் பலவற்றை நாம் இன்று மீண்டும் வாசிக்க முடிகின்றதெனில், அதற்குத் தனிப்பட்டோர் தம் வீடுகளிற் பேணிய பிரதிகளும், 2005இல் தொடங்கப்பெற்று அவற்றை எண்ணிமப்படுத்தி வரும் நூலகம் திட்டத்தின் உழைப்புமே பெரிதும் காரணம். ஒரே இடத்தில் வைக்கப்பட்டது ஒரே இரவில் அழியும் என்பதை நம்மவருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. தாளில் எழுதினாலும் திரையில் எழுதினாலும், ஒரு பிரதியேனும் வேறோரிடத்தில் இருக்கட்டும்.