படிவா, எலும்பாக்கமா? சிறுநீரகச் செயலிழப்பில் மென்திசுச் சுண்ணமேற்றம்

எலும்பிலும் பல்லிலும் இருக்கவேண்டிய கால்சியம் பாஸ்பேட், தமனிச் சுவரிலும் தோலிலும் மூட்டைச் சுற்றியும் படிவதே மென்திசுச் சுண்ணமேற்றம். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உடையவர்களிடம் இது மிகுதி. எலும்பிலிருந்து கரைந்த சுண்ணம் பிற உறுப்புகளுக்கு இடம்பெயர்கிறது என்று 1855இல் ஜெர்மானிய நோயியலாளர் ருடால்ஃப் விர்ஹோ விளக்கினார். இரத்தத்தில் செறிவு மிகுந்தால் உப்பு தானே படியும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. கால்சியம், பாஸ்பேட் அளவுகளைப் பெருக்கி, அந்தப் பெருக்குத்தொகையைக் கட்டுக்குள் வைப்பதே நெறியாயிற்று. இந்த எண்ணம் பாதி உண்மையே. அதை மட்டும் நம்பினால் சிகிச்சையே தீங்காகக்கூடும் என்பது என் வாதம்.

நலமுள்ளவரின் இரத்தமும் எலும்பு உப்பைப் பொறுத்தவரை மிகைச்செறிவானதே. ஆனாலும் அவர் தமனி கல்லாவதில்லை. கல்லீரல் சுரக்கும் ஃபெட்யூயின்-ஏ, தமனிச் சுவரிலுள்ள மேட்ரிக்ஸ் கிளா புரதம், பைரோபாஸ்பேட் ஆகியவை படிவைத் தடுக்கின்றன. 1997இல் அந்த மேட்ரிக்ஸ் புரதத்துக்குரிய மரபணு மட்டும் நீக்கப்பட்ட எலிகள், சுண்ணமேறிய தமனிகள் வெடித்து இரண்டு மாதங்களுக்குள் இறந்தன. ஆகவே காவல் தளர்வதும் நோயின் காரணமே.

பாஸ்பேட் குற்றமற்றது என்று இதற்குப் பொருளல்ல. மிகுந்த பாஸ்பேட்டில் வளர்க்கப்பட்ட மனிதத் தமனியின் வரியற்ற தசைச் செல்கள், எலும்பாக்கச் செல்களின் இயல்பை ஏற்பதை 2000இல் ஓர் ஆய்வு காட்டியது. பாஸ்பேட் மூலப்பொருள் மட்டுமல்ல, செல்லின் போக்கை மாற்றும் ஏவலும்கூட. பெருக்குத்தொகை இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது: கால்சியம் 10, பாஸ்பேட் 6 என்றாலும், கால்சியம் 12, பாஸ்பேட் 5 என்றாலும் விடை 60தான். மருத்துவம் இரண்டுக்கும் ஒன்றல்ல.

பாஸ்பேட்டைக் குடலிலேயே பிணைக்கக் கால்சியம் மாத்திரை தருவது வழக்கம். 2000இல் வெளியான குட்மன் குழுவின் ஆய்வில், டயாலிசிஸ் பெற்றுவந்த 20 முதல் 30 வயதுடைய 16 பேரில் 14 பேருக்கு இதயத் தமனியில் சுண்ணம் இருந்தது. சுண்ணம் ஏறியோர் மாத்திரை வழியே உட்கொண்ட கால்சியம், ஏறாதோரைவிட ஏறத்தாழ இருமடங்கு. அவர்கள் டயாலிசிஸில் கழித்த ஆண்டுகளும் அதிகம் என்பதால், குற்றம் முழுவதையும் மாத்திரைமேல் சுமத்த இயலாது. எனினும் ஐயத்துக்கு வலுவான இடம் உண்டு. பன்னாட்டுச் சிறுநீரக நோய் அமைப்பான கேடிகோவின் 2017 வழிகாட்டுதலும் இவ்வகை மாத்திரையின் அளவைக் குறைக்கச் சொல்கிறது.

செறிவு மட்டுமே காரணமல்ல என்ற வாதத்துக்குக் கால்சிஃபைலாக்சிஸ் என்னும் நோய் கடுமையான சான்று. தோலடிச் சிறு தமனிகள் அடைபட்டுப் பொறுக்கமுடியாத வலியுடன் புண் கருகும். இரத்த அளவுகள் வரம்புக்குள் இருப்போருக்கும் இது வருகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை உட்கொள்வோருக்கு ஆபத்து கூடுதல். மேட்ரிக்ஸ் கிளா புரதம் செயல்பட வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் செயலையே முடக்குகிறது.

எனவே, பதப்படுத்திய உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட்டை முதலில் குறைக்கவேண்டும். அது பருப்பிலுள்ளதைவிட மிக எளிதாக உடலில் சேர்கிறது. கால்சியம் மாத்திரையையும் வார்ஃபரினையும் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே எடைபோட்டுத் தரவேண்டும். டயாலிசிஸ் நோயாளி தொடையிலோ வயிற்றிலோ வலிக்கும் தடிப்பைச் சொன்னால், பரிசோதனைத் தாளில் எண்கள் சரியாக இருந்தாலும் அந்தத் தோலைப் பார்த்தே தீரவேண்டும்.