மேஜையில் ஆள் குறைந்தால் என்ன ஆகும்? போக்கர் வரலாற்றில் ஒரு கிளைக்கதை

போக்கர் பற்றிய பழைய புத்தகம் எதை எடுத்தாலும் முதல் அறிவுரை ஒன்றுதான்: பொறுமையா இரு. நல்ல சீட்டு வரும்வரை காத்திரு, மற்றதையெல்லாம் கவிழ்த்து வை. ரம்மி ஆடுறவங்க 'ஸ்கூட்' விடுவதைப் போல. இந்த அறிவுரை தப்பில்லை. ஆனால் அது ஒன்பது, பத்து பேர் உட்காரும் மேஜைக்காகச் சொன்னது. அந்த மேஜையில் பாதிப்பேர் எழுந்து போய்விட்டால் அதே பொறுமை பணத்தைக் கரைக்க ஆரம்பித்துவிடும். இதை ஆட்டக்காரர்கள் எப்போது, எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

வேடிக்கை என்னவென்றால், போக்கர் பிறக்கும்போதே சிறு மேஜை ஆட்டம்தான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூ ஆர்லியன்ஸ் பக்கமும் மிசிசிப்பி நதியின் நீராவிக் கப்பல்களிலும் ஆடப்பட்டபோது, கட்டில் 20 சீட்டுகள்தான் இருந்தன: ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து. ஆளுக்கு ஐந்து சீட்டு வீதம் நான்கு பேர் ஆடினால் கட்டு காலி. ஐந்தாவது ஆளுக்கு இடமே கிடையாது. பிறகு 52 சீட்டுகளுக்கு மாறினார்கள். மேஜையைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள்.

அதன்பின் வந்தது டெக்சாஸ் ஹோல்டெம். இதில் ஆளுக்கு இரண்டு சீட்டுதான் கையில்; மீதி ஐந்து சீட்டும் நடுவில், எல்லோருக்கும் பொது. கணக்குப்படி 22 பேர்கூட ஒரே கட்டில் ஆடலாம். நடைமுறையில் ஒன்பது, பத்து நாற்காலிகள் என்று நிலைத்தது. 1970இல் லாஸ் வேகஸில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் உலகத் தொடர் போட்டி தொடங்கிய பிறகு, போக்கர் என்றாலே ஆள் நிறைந்த மேஜை என்ற படம்தான் எல்லோர் மனதிலும் பதிந்தது.

சரி, ஆள் எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம்? இரண்டு கணக்குகள் போதும்.

முதல் கணக்கு. உங்கள் கையில் ஒரே ஒரு ஏஸ் இருக்கிறது, துணைக்கு ஒரு சுமாரான சீட்டு. ஒன்பது பேர் மேஜையில் வேறு யாராவது ஒருவரிடமாவது ஏஸ் இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 69 சதவீதம். அவருடைய துணைச் சீட்டு உங்களுடையதைவிடப் பெரியதாக இருந்தால் கதை முடிந்தது. ஆறு பேர் என்றால் இந்த வாய்ப்பு 50 சதவீதம். நீங்களும் இன்னொருவரும் மட்டும் என்றால் வெறும் 12. அதே இரண்டு சீட்டுதான். பெரிய மேஜையில் கவிழ்க்க வேண்டியது, சின்ன மேஜையில் தைரியமாகப் பந்தயம் கட்ட வேண்டியதாகிவிடுகிறது.

இரண்டாவது கணக்கு பிளைண்ட். சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே இருவர் கட்டாயமாகக் கட்டவேண்டிய தொகை இது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நாற்காலி நகர்ந்துகொண்டே போகும். ஒருவர் 1 டாலர், அடுத்தவர் 2 டாலர் என்று வைத்துக்கொள்வோம். மேஜையை ஒருமுறை சுற்றி வந்தால் உங்களுக்கு 3 டாலர் செலவு. ஒன்பது பேர் என்றால் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 33 சென்ட். ஆறு பேருக்கு 50 சென்ட். இருவர் மட்டும் என்றால் ஒன்றரை டாலர். இரண்டு ஏஸ் ஜோடியாக வருவது சராசரியாக 221 ஆட்டங்களுக்கு ஒருமுறை. அதற்காகவே ஒருவர் காத்திருந்தால் பெரிய மேஜையில் சுமார் 74 டாலர் செலவு. இருவர் ஆட்டத்தில் 331 டாலருக்கு மேல். பெரிய மேஜையில் பொறுமைக்கு வாடகை குறைவு, அவ்வளவுதான் விஷயம்.

புத்தகங்கள் இதை மெதுவாகத்தான் பிடித்துக்கொண்டன. டேவிட் ஸ்க்ளான்ஸ்கி 1976இல் எழுதிய ஹோல்டெம் நூலில் முதல் இரண்டு சீட்டுகளைத் தரவாரியாகக் குழுக்களாகப் பிரித்தார். ஆள் நிறைந்த மேஜைக்கு அது வேதம் மாதிரி ஆகிவிட்டது. 1988இல் அவரும் மேசன் மால்முத்தும் சேர்ந்து தேர்ந்த ஆட்டக்காரர்களுக்காக ஒரு நூல் எழுதினார்கள். அதை விரிவாக்கி 1999இல் புதிய பதிப்பு கொண்டுவந்தபோது, ஆள் குறைந்த ஆட்டத்துக்கென்றே ஒரு பகுதியைச் சேர்த்தார்கள்.

அந்த நேரம் தற்செயலாகப் பொருந்திப் போனது. 1998இல்தான் பிளானட் போக்கர் என்ற தளம் உண்மைப் பணத்துக்கு இணையத்தில் ஆட்டம் தொடங்கியிருந்தது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் ஆடிக் கிடைத்த நுழைவுச் சீட்டோடு லாஸ் வேகஸ் போய், 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வென்றார். கூட்டம் இணையத்துக்குப் பாய்ந்தது. அங்கே ஆறு நாற்காலி மேஜை தனி வகையாகவே வளர்ந்தது. புத்தகம் படித்து, பொறுமை கற்று வந்த பலர் அங்கேதான் அடிவாங்கினார்கள்.

அவர்களுக்குக் கைகொடுத்தது ஓர் எளிய பார்வை மாற்றம். ஆறு பேர் மேஜை என்பது புதிய ஆட்டமே அல்ல. ஒன்பது பேர் மேஜையில் முதல் மூன்று பேர் சீட்டைக் கவிழ்த்துவிட்ட பிறகு மிச்சமிருக்கும் நிலைதான் அது. கடைசி நாற்காலிகளில் எப்படி ஆடுவது என்று தெரிந்தவருக்குச் சிறு மேஜையின் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி ஆளைப் படிப்பது. அதே ஐந்து பேரோடு திரும்பத் திரும்ப மோதும்போது, நீங்கள் எப்போது பிளஃப் அடிக்கிறீர்கள் என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும். ஒளிந்துகொள்ளக் கூட்டம் இல்லை.

இதன் உச்சம் இருவர் ஆட்டம். டல்லாஸைச் சேர்ந்த வங்கி அதிபர் ஆண்டி பீல் 2001 முதல் 2006 வரை லாஸ் வேகஸில் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஒற்றைக்கு ஒற்றை அழைத்தார். பந்தயத்தை அவர்கள் பழக்கப்படாத உயரத்துக்கு ஏற்றினால் கை நடுங்கும் என்பது அவர் எண்ணம். அவர்கள் பணத்தைக் கூட்டாகப் போட்டு, முறை வைத்து ஒவ்வொருவராக எதிரே உட்கார்ந்தார்கள். பீல் பல நாட்கள் பெருந்தொகை வென்றதும் உண்டு. ஆனால் 2006 பிப்ரவரியில் ஃபில் ஐவி மூன்றே நாளில் அவரிடமிருந்து 1.6 கோடி டாலருக்கு மேல் வென்றார்.

கணினிகளும் சிறிய மேஜையிலிருந்துதான் பெரியதை நோக்கி வந்தன. 2015இல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, பந்தயத்துக்கு வரம்புள்ள இருவர் ஹோல்டெமை நடைமுறையில் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ், 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடி, வரம்பில்லாத இருவர் ஆட்டத்தில் நான்கு வல்லுநர்களைத் தோற்கடித்தது. 2019இல்தான் புளூரிபஸ் ஆறு பேர் மேஜையில் வென்றது. பிளைண்டுக்குச் சமமாக மட்டும் கட்டிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே நுழைவது பெரும்பாலும் நஷ்டம் என்று அனுபவசாலிகள் சொல்லிவந்ததை, மனித ஆட்டம் எதையும் பார்க்காமல் தனக்குத்தானே ஆடிக் கற்ற அந்த நிரலும் உறுதிசெய்தது.

நம்ம ஊரிலும் இந்த ஆட்டம் நீதிமன்றம் வரை போனது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று தமிழகச் சட்டம் பட்டியலிட்டதை ஏற்கவில்லை. 2025இல் வந்த மத்தியச் சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை மொத்தமாகத் தடைசெய்தது. திறமை விளையாட்டு என்பது உண்மை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் திறமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. பெரிய மேஜையில் கற்றுக்குட்டியும் பேசாமல் உட்கார்ந்து கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கலாம். ஆள் குறையக் குறைய, மற்றவரின் திறமைக்கு அவர் கட்டும் விலை வேகமாக ஏறிக்கொண்டே போகும்.