ஒரே ராத்திரியில் கடலுக்கு பலியான தனுஷ்கோடி ரெயில் நிலையம்

ராமேசுவரம்:-

ராமேசுவரத்தில் இருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறது தனுஷ்கோடி. அங்கு மணலில் இடிந்து நிற்கும் சுவர்களை பார்த்து, ஏதோ பழைய கட்டிடம் என்று போட்டோ எடுத்துவிட்டு போகிறவர்கள்தான் அதிகம். சென்னையில் ரெயில் ஏறியவர்கள் கொழும்புக்கு போக வந்து இறங்கிய ரெயில் நிலையமும் அந்த இடிபாடுகளில் ஒன்று.

ஒரே டிக்கெட்டில் கொழும்பு

பாம்பன் பாலம் 1914-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு இலங்கைக்கு போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் கப்பல் ஏறுவார்கள். பாலம் வந்ததும் எழும்பூரில் புறப்படும் 'போட் மெயில்' நேராக தனுஷ்கோடிக்கே வந்துவிட்டது. அங்கே இறங்கி கப்பல் ஏறினால் சுமார் 35 கி.மீ. கடலை தாண்டி தலைமன்னார். மறுபடி ரெயில் ஏறினால் கொழும்பு. எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்தான். பின்னாளில் இர்வின், கோஷன் என்ற 2 கப்பல்கள் இந்த கடலில் ஓடின.

சுங்க அலுவலகம், துறைமுக அலுவலகம், தபால் நிலையம், ரெயில்வே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று ஊர் களைகட்டி இருந்தது. பாம்பனில் இருந்து தனுஷ்கோடி போவதுதான் அப்போது மெயின் லைன். ராமேசுவரம் போவது வெறும் கிளைப்பாதை! இப்ப சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

653 பாசஞ்சர்

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு. புயல் கோரத்தாண்டவம் ஆடிக்கொண்டிருந்தது. 653-ம் எண் பாசஞ்சர் ரெயில் 11.55 மணிக்கு பாம்பனில் புறப்பட்டது. அதில் 110 பயணிகள், 5 ரெயில்வே ஊழியர்கள். தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் விழவில்லை. சற்று நேரம் பார்த்த டிரைவர், விசில் அடித்துவிட்டு இருட்டில் ரெயிலை நகர்த்தினார். ஸ்டேஷனுக்கு கூப்பிடு தூரம்தான் பாக்கி. அதற்குள் ராட்சத அலை எழும்பி மொத்த ரெயிலையும் வாரி சுருட்டியது. ஒருவர் கூட பிழைக்கவில்லை.

110 என்பது டிக்கெட் கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் எந்த கணக்கிலும் இல்லை. புயலில் மொத்தம் சுமார் 1,800 பேர் பலியானதாக கூறப்படுகிறது. நடிகர் ஜெமினி கணேசனும் நடிகை சாவித்திரியும் அந்த சமயம் ராமேசுவரத்தில் இருந்ததால் உயிர் தப்பினர்.

46 நாளில் பாலம்

பாம்பன் பாலத்தில் 145 கண்களில் 126 கண்களின் இரும்பு கர்டர்களை அலை பிடுங்கிவிட்டது. என்ஜினீயர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலம் சரிசெய்யப்பட்டது. இவர்தான் பிற்காலத்தில் 'மெட்ரோ மேன்' என்று பெயர் எடுத்தவர். ஆனால் அந்த வேகம் தனுஷ்கோடி தண்டவாளத்துக்கு கிடைக்கவில்லை. மனிதர் வாழ தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்ததால் பாதை அப்படியே கைவிடப்பட்டது. இலங்கை கப்பல் ராமேசுவரத்துக்கு மாறி, 1980-களில் இனக்கலவரம், போர் என்று அதுவும் நின்றுபோனது.

'தகுதியற்ற' அந்த மண்ணுக்கு மீனவர்கள் மட்டும் திரும்பி வந்தார்கள். மணலில் சில அடி தோண்டி ஊறும் நல்ல தண்ணீரை குடித்து, ஓலை குடிசையில் காலம் தள்ளினார்கள். அரிச்சல்முனை வரை தார் ரோடு திறக்கப்பட்டது 2017-ல்தான்.

ராமேசுவரம்-தனுஷ்கோடி இடையே 17 கி.மீ. புதிய ரெயில் பாதைக்கு 2019-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி பிரதமர் மோடி அடிக்கல் நாட்டினார். பாம்பனில் புது பாலமே 2025-ம் ஆண்டு ஏப்ரலில் திறந்தாகிவிட்டது. தனுஷ்கோடிக்கு மட்டும் 1964-க்கு பிறகு ஒரு ரெயிலும் போகவில்லை.