இமாம் லைஸ் (ரஹ்) அளித்த பதில்

ஹிஜ்ரி 169இல் மிஸ்ருக்கு ஆளுநராக வந்த அலீ இப்னு சுலைமான், கிறிஸ்தவர்களின் தேவாலயங்கள் சிலவற்றை இடிக்கச் செய்தார். ஹிஜ்ரி 171இல் அப்பொறுப்பேற்ற மூஸா இப்னு ஈஸா, அவற்றை மீண்டும் கட்ட அனுமதிக்கலாமா என உலமாக்களிடம் ஆலோசனை கேட்டார். இமாம் லைஸ் இப்னு ஸஅத், காழி அப்துல்லாஹ் இப்னு லஹீஆ (ரஹ்) ஆகியோரின் பதிலை வரலாற்றாசிரியர் அல்கிந்தீ பதிந்துள்ளார்: தேவாலயம் கட்டுவது நாட்டை வளப்படுத்தும் பணியே, மிஸ்ரின் தேவாலயங்கள் ஸஹாபாக்கள், தாபியீன்கள் காலத்தில், இஸ்லாமிய ஆட்சியிலேயே கட்டப்பட்டவை.

ஆலயங்கள் மீண்டும் எழுந்தன.

ஃபிக்ஹ் அறிஞர்கள் பலர் இதற்கு மாறாகத் தீர்ப்பளித்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

அதே மண்ணில் 1934இல் எகிப்திய உள்துறை அமைச்சகம் தேவாலயம் கட்டப் பத்து நிபந்தனைகளை விதித்தது. பள்ளிவாசல் எவ்வளவு தூரத்தில் உள்ளது? சுற்றியுள்ள முஸ்லிம்கள் ஆட்சேபிக்கின்றனரா? சிந்தியுங்கள், அண்டை வீட்டாரின் வணக்கம் நம் ஆட்சேபத்தில் தொங்கியது! 2016இல் 80ஆம் எண் சட்டம் வந்த பின்னரே, அனுமதியின்றி இயங்கிய ஆயிரக்கணக்கான ஆலயங்கள் முறைப்படுத்தப்படலாயின.

அதன் பின்னும் மின்யா மாகாணத்தின் திம்ஷாவ் ஹாஷிம் கிராமத்தில், அங்கு ஓர் ஆலயம் அமைவதை எதிர்த்த கும்பல் கிறிஸ்தவர்களின் வீடுகளைத் தாக்கியது. அன்று 2018 ஆகஸ்ட் 31, வெள்ளிக்கிழமை.