ஜாவா வீட்டில் குடியேறிய மொழிகள்

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜாவாவில் வெப் அப்ளிகேஷன் எழுதியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஒரே ஒரு வரியை மாற்றினாலும் கம்பைல் செய்து, வார் கோப்பாகக் கட்டி, டாம்கேட் சர்வரை நிறுத்திக் கிளப்ப வேண்டும். கமிஷன் விகிதம் மாறிவிட்டது என்று கணக்குப் பிரிவிலிருந்து காலையில் ஃபோன் வரும். புது விகிதம் சர்வரில் ஏற ராத்திரி ஆகிவிடும். ஜாவாவுக்குள் வேறு மொழிகளுக்கு இடம் கொடுக்கும் பழக்கத்தை வளர்த்ததில் இந்த அவதிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

என் கைக்கு முதலில் வந்தது ஜைத்தான். 1997-இல் ஜிம் ஹுகுனின் பைத்தானை ஜாவாவிலேயே எழுதினார். அப்போது அதற்கு ஜேபைத்தான் என்று பெயர். பின்னாளில் அதோடு பைசர்வலெட் என்றொரு கிளாஸ் கிடைத்தது. பைத்தான் கோப்புகளைத் தேடி வரும் கோரிக்கைகளை அதனிடம் அனுப்பும்படி வெப் டாட் எக்ஸ்எம்எல்லில் மேப்பிங் போட வேண்டும். கோப்புக்கும் உள்ளே இருக்கும் கிளாஸுக்கும் ஒரே பெயர் வைக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. கோரிக்கை வரும்போது பைசர்வலெட் அந்தக் கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும். மாறியிருந்தால் புதிதாக ஏற்றிக்கொள்ளும். எடிட்டரில் சேமித்துவிட்டு பிரவுசரில் ரிஃப்ரெஷ் அடித்தால் புது விகிதம் வந்து நிற்கும். டாம்கேட் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு எங்களுக்கு அது பெரிய விடுதலை.

நெட்ஸ்கேப்பில் பிறந்த ரைனோ ஜாவாஸ்கிரிப்டை ஜாவாவுக்குள் ஓட வைத்தது. ஆனால் ஒவ்வொரு மொழியையும் அழைக்க ஒவ்வொரு முறை. அவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு வாசல் வைத்தது ஐபிஎம்மில் உருவான பீன் ஸ்கிரிப்டிங் ஃபிரேம்வொர்க். அதைத் தொடங்கிய சஞ்சீவ வீரவரண இலங்கைக்காரர். பிறகு டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர்.

அதற்குப் பின் வந்ததுதான் ஜாவாவுக்குள் ஸ்கிரிப்ட் மொழிகளை ஓட்டுவதற்கான பொதுத் தரமான ஜேஎஸ்ஆர் 223. 2003-இல் அந்தத் திட்டம் கிளம்பியபோது அதன் நோக்கத்தில் வெப் பக்கங்களுக்கு முக்கிய இடம் இருந்தது. பிஎச்பி போன்ற மொழிகளில் எழுதிய பக்கங்கள் ஜாவா சர்வருக்குள்ளேயே ஓட வேண்டும் என்று சன் நிறுவனத்தோடு பிஎச்பி உலகின் ஜெண்ட் நிறுவனமும் கைகோத்தது. 2006 டிசம்பரில் ஜாவா 6 வந்தபோது ஸ்கிரிப்ட் மொழிகளை அழைக்கும் ஜாவாஎக்ஸ் டாட் ஸ்கிரிப்ட் மட்டும் அதில் இருந்தது. வெப் பக்கங்களுக்கான பகுதி இல்லை. எனக்கு இன்றும் அதில் வருத்தம்தான். இருந்தாலும் கிடைத்தது எளிமையான, நல்ல வாசல். ஸ்கிரிப்ட் எஞ்சின் மேனேஜர் என்ற கிளாஸிடம் மொழியின் பெயரைச் சொன்னால் அதை ஓட்டும் எஞ்சின் வரும். ஜாவா ஆப்ஜெக்டை 'புட்' என்று உள்ளே கொடுத்து, ஸ்கிரிப்டை 'இவால்' என்று ஓட்டலாம். ரைனோ கூடவே வந்ததால் தனி ஜார் கோப்பு தேடவும் வேண்டாம்.

இந்த எளிமையில்தான் ஆபத்தும் இருந்தது. உள்ளே போன ஸ்கிரிப்டுக்கு ஜாவாவின் எல்லாக் கதவுகளும் திறந்திருக்கும்; சர்வரில் கட்டளைகளை ஓட்டும் ரன்டைம் கிளாஸ் வரைக்கும் அதன் கை நீளும். நிர்வாகப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து, அதில் யார் எதைத் தட்டினாலும் அப்படியே இவாலுக்குக் கொடுத்த அப்ளிகேஷன்களை நான் பார்த்திருக்கிறேன். கமிஷன் விகிதம் போன்ற விதிகளை எழுதி வைத்த ஸ்கிரிப்ட் கோப்புகளை, அதாவது விதிக் கோப்புகளை, யார் தொடலாம் என்று முடிவு செய்யாமல் இந்த வசதியைக் கையில் எடுக்கவே கூடாது.

2014-இல் ஜாவா 8 ரைனோவின் இடத்தில் நாஸ்ஹார்னை வைத்தது. ஜாவாஸ்கிரிப்ட் மாறும் வேகத்துக்கு அதைப் பராமரிப்பது சிரமம் என்று 2020-இல் ஜாவா 15 அதை எடுத்துவிட்டது. வாசல் அப்படியே இருக்கிறது, உள்ளேதான் ஆள் இல்லை. பழைய அப்ளிகேஷனைப் புது ஜாவாவுக்கு ஏற்றுகிறவர்கள் எஞ்சின் கேட்கும் வரியில் 'நல்' வாங்கித் திகைப்பது இதனால்தான். தனியாகக் கிடைக்கும் நாஸ்ஹார்ன் ஜாரைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் பழைய விதிக் கோப்புகள் ஒரு எழுத்தும் மாறாமல் ஓடும்.