ஒரே சரிவுக்கு இரண்டு வரையறை

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தால் சோளக்காடு. கொல்லிமலையின் மிளகும் காப்பியும் வாழையும் பலாவும் அன்னாசியும் வந்து சேர்கிற சந்தை ஊர். இந்தப் பக்கத்தில் வழக்கமாகக் கண்ணில் படுகிற ஒரு நிலத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர். அடியில் ஓடையை ஒட்டி நான்கைந்து நெல் வயல்கள். அதற்கு மேல் சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, நிழலில் காப்பிச் செடி. இன்னும் மேலே குச்சிக்கிழங்கு. நடுவில் ஒரு பாறைத் திட்டு. ஓரத்தில் வீடும் மாட்டுக் கொட்டகையும்.

நிலம் யாருடையது என்பதில் சண்டை இல்லை என்று வைத்துக்கொள்வோம். இது என்ன நிலம் என்று கேட்டால்தான் அரசின் இரண்டு துறைகள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. வருவாய்த் துறை நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு என்று பிரிக்கும். நகர் ஊரமைப்புத் துறை விவசாயம், குடியிருப்பு, வணிகம், நிறுவனம் என்று பிரிக்கும். மலைமேல் வீடு கட்டவோ நிலம் விற்கவோ வழக்கு நடத்தவோ போகிற எவரும் இந்த இரண்டு அகராதிகளுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்பது தெரியும். இரண்டுமே எதைப் பார்க்கத் தவறுகின்றன என்பதும் தெரியும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி விஷயம்தான்.

வருவாய் அகராதி பழையது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாராமகாலும் கம்பெனியின் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழ் வேலை பார்த்த தாமஸ் மன்றோவும் இந்தச் சீமையில்தான் வயல் வயலாக அளந்து, உழுகிறவன் பெயரிலேயே வரி போடும் முறைக்கு அடித்தளம் போட்டார்கள். பிற்காலத்தில் ரயத்துவாரி என்று மாகாணம் முழுக்கப் பரவியது அதுதான். அந்த முறை நிலத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி ஒன்றே: இதிலிருந்து என்ன விளையும், எவ்வளவு தீர்வை போடலாம்? பாசனம் உறுதியானால் நன்செய், இல்லையென்றால் புன்செய். மண்ணின் தரத்துக்கு ஏற்பத் தீர்வை. ஊர் குடியிருக்கும் இடம் நத்தம். பாதை, ஓடை, மயானம், மேய்ச்சல் என்று வரிக்கணக்குக்கு வெளியே நிற்பவை புறம்போக்கு. பாறைத் திட்டு விளையாது, ஆகவே தரிசு.

திட்டமிடல் அகராதி வேறு வழியாக வந்தது. 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்தை நீக்கிவிட்டு 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. அதன் மையச் சொல் ‘வளர்ச்சி’. நிலத்தின் மேலோ கீழோ கட்டடப் பணி, பொறியியல் பணி, சுரங்கப் பணி செய்தாலும், நிலத்தையோ கட்டடத்தையோ பயன்படுத்தும் விதத்தைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றினாலும் அது வளர்ச்சி. இங்கிலாந்தின் 1947ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் வகுத்துத் தந்த வரையறையின் நேர் வாரிசு இது. போரில் குண்டு விழுந்து சிதைந்த நகரங்களை மறுபடி எழுப்பவும், அவை வயல்வெளிக்குள் பரவாமல் தடுக்கவும் அந்த நாடு எழுதிக்கொண்ட சொற்கள் கொல்லிமலைச் சரிவுக்கும் இன்று பொருந்துகின்றன. பொருந்துகிற இடங்களில் நன்றாகவே பொருந்துகின்றன. ஜே.சி.பி. வைத்து மலையை வெட்டிப் பாதை போட்டால், கட்டடம் எதுவும் கட்டாவிட்டாலும், அது பொறியியல் பணி. அனுமதி வேண்டிய வளர்ச்சி. வீடு கட்டினால்தான் அனுமதி, மண் வெட்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அநேகம். சட்டம் அப்படி நினைக்கவில்லை. பட்டாவிலோ சிட்டாவிலோ இந்த வெட்டு ஒரு தடயமும் விடாது. இந்த ஒரு விஷயத்தில் புதிய அகராதி பழையதைவிடக் கூர்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, விவசாயம் என்ற சொல்லுக்கு வருவோம். இரண்டு அகராதிகளும் மலையில் எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை இந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.

1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை தாராளமானது. பயிர், பழம், காய்கறி, பூ, புல், தீவனம், எந்த வகை மரமும், ஆடு மாடு வளர்ப்பு, மீன், கோழி, தேனீ எல்லாமே விவசாயம். ஒன்றே ஒன்று விலக்கு: கட்டடத்தோடு ஒட்டி, அந்தக் கட்டடத்தின் தோட்டமாகப் பயன்படுகிற நிலம் விவசாயம் ஆகாது. சென்னையில் பங்களாவைச் சுற்றியுள்ள புல்வெளிக்கு இது சரி. கொல்லிமலையின் பழங்குடிகளான மலையாளிகளில் ஒரு குடும்பத்தின் வீட்டை ஒட்டினாற்போல் நிற்கும் பலாவும், அதில் ஏறிய மிளகும், நாலு வாழையும் எதில் சேரும்? வருஷத்துக்கான ரொக்கத்தில் கணிசமான பங்கு அந்த மிளகிலிருந்து வருகிறது. வீட்டோடு ஒட்டியிருப்பதால் அது தோட்டமா, விற்றுப் பிழைப்பதால் விவசாயமா? வருவாய்க் கணக்குக்கு இந்தக் குழப்பம் இல்லை. வீடு நத்தத்தில் இருந்தால் நத்தம், புன்செய்யில் இருந்தால் புன்செய். மரம் யாருக்குச் சோறு போடுகிறது என்பது அதற்குத் தேவையில்லாத செய்தி.

இதைவிடப் பெரிய விஷயம் சரிவின் மேல்பாதியில் நடந்திருக்கிறது. சாமை, தினை, பனிவரகு, கேழ்வரகு விளைந்த மேட்டுக்காடுகளில் பெரும்பகுதி சில பத்தாண்டுகளில் குச்சிக்கிழங்குக்கு மாறின. கீழே ராசிபுரம், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கிக்கொண்டன. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களைக் காப்பாற்ற உழைத்ததற்குக் காரணமே இந்த மாற்றம்தான். சாமையை அறுத்தால் வேரும் தாளும் மண்ணில் நிற்கும். கிழங்கை எடுக்கச் செடியையே பிடுங்க வேண்டும்; மண் புரண்டு தளர்ந்துபோகும், அடுத்த மழை அதை ஓடைக்குக் கொண்டுபோகும். மலையின் சாப்பாடும் மண்ணும் சேர்ந்து மாறின.

இந்த மாற்றம் இரண்டு அகராதிகளிலும் எப்படிப் பதிவாகிறது? ‘அ’ பதிவேட்டில் புன்செய் அப்படியே புன்செய்தான். பசலிதோறும் கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலில் மட்டும் பயிரின் பெயர் மாறும். நிலத்தின் வகை மாறாது. திட்டமிடல் சட்டத்திலோ அந்தத் தடயமும் கிடையாது. சாமையும் விவசாயம், கிழங்கும் விவசாயம், பயன்பாடு மாறவே இல்லை. அதே காட்டின் ஓரத்தில் ஒருவர் அசையாத பாறைமேல் ஓர் அறை கட்டினால் அது வளர்ச்சி, பயன்பாட்டு மாற்றம், விண்ணப்பம், கட்டணம். பாறைமேல் கட்டுவதற்கு அனுமதி கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் மலையை ஆகப் பெரிதாக மாற்றிய ஒன்று, மாற்றம் என்ற வரையறைக்குள்ளேயே வராமல் போனது என்னை உறுத்துகிறது. அடங்கல் அதைக் குறித்து வைத்திருக்கிறது; அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கத் திட்டமிடல் அலுவலகத்துக்கு எந்த விதியும் இல்லை.

வீட்டின் கதை சற்று வேறு. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் குடிசையை அது கட்டப்பட்ட பொருளால் அடையாளம் கண்டது: மரம், மண், இலை, புல், கூரை. மண் சுவரும் புல் கூரையுமாக இருந்த மலையாளி வீடுகள் அந்தக் கண்ணுக்குக் குடிசையாகத்தான் பட்டிருக்கும், உள்ளே எத்தனை அறையும் தானியக் குதிரும் இருந்தாலும். இன்றைய விதிகள் பொருளை விட்டுவிட்டுச் செயலைப் பார்க்கின்றன. இருக்க, சமைக்க, குளிக்க, கழிக்கத் தனி வசதி இருந்தால் அது ஒரு குடியிருப்பு அலகு. இது நிச்சயம் நாகரிகமான மாற்றம். நத்தம் இவை இரண்டையும்விடப் பழைய நாகரிகம். அங்கே குடியிருப்பவரின் இடம் அவருடையது, அரசுக்குச் சொந்தமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. சிக்கல் அதன் எல்லையில் இருக்கிறது. நத்தத்தின் கோடு எப்போதோ போட்டது. பிள்ளைகள் பெருகுகிறார்கள், கோடு பெருகுவதில்லை. மூத்தவனுக்குக் கல்யாணம் ஆனால் பக்கத்துப் புன்செய்யில்தான் வீடு எழும்பும். அந்த நொடியில் திட்டமிடல் அகராதி விழித்துக்கொள்கிறது: விவசாய நிலம் வேறு பயன்பாட்டுக்கு மாறுகிறது. முழுமைத் திட்டம் இல்லாத பகுதிகளில் இப்படி மாற்றுவதற்கென்றே 2017இல் தனி விதிகள் வந்தன. அந்த வாசலில் மகனுக்கு வீடு கட்டும் தகப்பனும், சமவெளியிலிருந்து வந்து பத்து அறைத் தங்கும் விடுதி போட நினைப்பவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பின்னவருக்கு வரைபடக்காரர் உண்டு, அலுவலகம் அலுவலகமாக ஏற ஆள் உண்டு. முன்னவருக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையிறங்கும் பேருந்து மட்டும் உண்டு.

சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் வணிகம், மற்ற நாட்களில் வெற்றிடம் என்ற நிலத்துக்குப் பயன்பாட்டு வரையறையில் தனி இடமில்லை. புறம்போக்கு என்ற பழைய தலைப்புக்குள் அது சிரமமில்லாமல் அடங்கிவிடும்.

சரிவைப் பற்றித்தான் நின்று பேச வேண்டும். இந்திய தேசியக் கட்டட விதித் தொகுப்பின் வழியில், தட்டைக் கூரைக் கட்டடத்தின் உயரம் அதைச் சுற்றியுள்ள தரையின் சராசரி மட்டத்திலிருந்து அளக்கப்படுகிறது. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் அதே வழிதான். சமவெளியில் இதில் ஒரு தொந்தரவும் இல்லை. பத்து மீட்டருக்கு நாலு மீட்டர் இறங்கும் ஒரு சரிவில் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல்பக்கச் சுவர் 5 மீட்டர், கீழ்பக்கச் சுவர் 9 மீட்டர், சராசரி 7 மீட்டர். உதகை, குன்னூர், கொடைக்கானல் போன்ற நகரங்களுக்கான 1993ஆம் ஆண்டு மலைவாழிடக் கட்டட விதிகள் வைத்த உச்சவரம்பும் 7 மீட்டர்தான். சராசரி வழியில் அளந்தால் காகிதத்தில் இந்தக் கட்டடம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். கீழே நின்று பார்ப்பவருக்கு அது மூன்று மாடி. மண் சரிந்தால் எடை விழப்போவது அந்தக் கீழ்ப்பக்கத்தில்தான்.

வருவாய்க் கணக்கும் இதில் தேறவில்லை. புலப்படத்தில் சங்கிலி அளவைக் கோடுகள் உண்டு, உயரக் கோடுகள் கிடையாது. அளவு கிடைமட்டத்தில் எடுத்தது. 30 டிகிரிச் சரிவில் தாளில் 100 அடி என்றால் கால் நடக்கும் மண்ணில் ஏறத்தாழ 115 அடி. உழுகிறவனுக்கு அந்த 15 அடியும் வேலைதான், மழைக்கு அந்த 15 அடியும் மண்தான். அகராதிகள் இரண்டும் ஒரே தட்டைத் தாளின் மேல் எழுதப்பட்டவை என்பதை இங்கே பார்க்கலாம்.

அரசு இதை உணராமல் இல்லை. 1990இல் ‘ஹாகா’ என்று எல்லோரும் அழைக்கும் மலையிடப் பாதுகாப்புக் குழுவை அமைத்து மலைக் கிராமங்களின் பட்டியல் போட்டார்கள். கொல்லிமலையும் அதில் வருகிறது. ஆனால் அது ஒப்புதல் தரும் இன்னொரு மேசையாக நின்றதே தவிர, அடிப்படைச் சொற்களைத் திருத்தி எழுதவில்லை. ஒரு கிராமம் முழுவதும் பட்டியலில் இருக்கிறது அல்லது இல்லை. அதற்குள் ஓடையோரத்துச் சமதளமும் செங்குத்துச் சரிவும் ஒன்றே. இலங்கை இந்த இடத்தில் ஒரு படி முன்னே இருக்கிறது. மண்சரிவு அபாயமுள்ள நுவரெலியா, பதுளை போன்ற மாவட்டங்களில் 2011 முதல் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சான்று பெற்றுத்தான் கட்டட அனுமதி கேட்க வேண்டும். அந்தச் சான்று கிராமத்தைப் பார்த்துத் தருவதல்ல, அந்தக் குறிப்பிட்ட மனையைப் பார்த்துத் தருவது.

இரண்டில் எது மேல் என்று கேட்டால் நான் பாதி பாதியாகப் பதில் சொல்ல மாட்டேன். கட்டட விஷயத்தில் திட்டமிடல் அகராதியே வேண்டும். வரிக்காக எழுதிய சொற்களை வைத்து மலையைக் காப்பாற்ற முடியாது. ஆனால் அந்த அகராதியை மலையில் உட்கார்ந்து திருத்த வேண்டும். மலைக் கிராமங்களுக்குக் கட்டட உயரத்தைச் சராசரியிலிருந்து அளக்காமல் ஆகத் தாழ்ந்த தரையிலிருந்து அளக்கட்டும். விவசாயம் என்ற சொல் குறிப்பிட்ட சரிவுக்கு மேல் மண்ணைப் புரட்டும் பயிரையும் புரட்டாத பயிரையும் பிரித்துப் பார்க்கட்டும். தண்டிக்க அல்ல, சாமைக்குத் திரும்புகிறவருக்கு மானியம் போய்ச் சேர. விடுதிகளுக்கான விண்ணப்பங்களைப் பார்க்கும் முன்னால் மலையில் ‘நாடு’ என்று அழைக்கப்படும் ஒவ்வொரு ஊர்த்தொகுதியிலும் பட்டி பட்டியாக நத்தத்தின் கோட்டை, இன்றைக்கு இருக்கும் வீடுகளையும் வரப்போகும் பிள்ளைகளையும் எண்ணி, மறுபடி போடட்டும். அந்த வேலைக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. நில அளவையரும் கிராம நிர்வாக அலுவலரும் ஊர்ப் பெரியவர்களும் போதும். கையில் உயரக் கோடு போட்ட ஒரு வரைபடம் இருந்தால்.