ஒரு சிட்டிகை உப்பு

குஜராத் மாநிலத்தின் தென்பகுதியில் நவசாரி என்னும் நகரம் இருக்கிறது. அங்கிருந்து இருபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், அரபிக் கடலோரம் அமைந்துள்ள சிற்றூர் தண்டி. இந்திய வரலாற்றைப் பள்ளியில் படித்த எவரும் இவ்வூரின் பெயரை அறிவர். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காலையில் காந்தியடிகள் உப்புச் சட்டத்தை மீறியது இங்கேதான். அதன் நினைவாகத் 'தேசிய உப்புச் சத்தியாகிரக நினைவகம்' இங்கு 15 ஏக்கர் பரப்பில் எழுப்பப்பட்டு, 2019 சனவரி 30 அன்று திறந்து வைக்கப்பட்டது. எங்கள் கல்லூரி மாணவ மாணவியர் சிலருடன் மேற்கு இந்தியச் சுற்றுலா சென்றபோது அதைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

நான் இயற்பியல் கற்பிப்பவன். வரலாற்று நினைவகம் ஒன்றைப் பற்றி நான் எழுதுவானேன் என்று வாசகர்கள் நினைக்கலாம். அங்கே ஒரு மாணவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். வரலாறு, இயற்பியல் இரண்டும் சேர்ந்தால்தான் அதற்கு விடை சொல்ல முடியும் என்று தோன்றியது. அந்த விடையே இக்கட்டுரை.

தொட்டுப் பார்க்கும் வரலாறு

நினைவகத்தில் முதலில் கண்ணில் படுவது சுமார் 40 மீட்டர் உயரத்தில் கூம்பி நிற்கும் எஃகு அமைப்பு. அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கனசதுரம் இருக்கிறது. அது உப்புப் படிகத்தைக் குறிப்பது. சோடியம் குளோரைடில் சோடியம், குளோரின் அயனிகள் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கனசதுர ஒழுங்கில் அடுக்கப்பட்டிருப்பதால், உப்புப் படிகங்களும் கனசதுர வடிவிலேயே வளர்கின்றன. சமையலறை உப்பை ஓர் உருப்பெருக்கியின் கீழ் வைத்தால் நீங்களே இதைக் காணலாம்.

காந்தியடிகளுடன் நடந்த தொண்டர்களின் ஆளுயர வெண்கலச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. பயணத்தின் நிகழ்ச்சிகளைச் சொல்லும் 24 புடைப்புச் சித்திரங்கள் வழியோரம் அமைந்துள்ளன. இரும்புத் தண்டில் இலைகளைப் போலக் கதிரவன் மின்தகடுகள் பொருத்திய சுமார் 40 'சூரிய மரங்கள்' நினைவகத்துக்கு மின்சாரம் தருகின்றன.

மாணவர்களைக் கவர்ந்தது இவற்றில் எதுவும் அன்று. அங்கே பார்வையாளர் தாமே உப்பு எடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. உவர்நீரைச் சிறு தட்டில் ஊற்றிச் சூடாக்கினால் நீர் ஆவியாகிவிடும். தட்டில் ஒரு சிட்டிகை வெண்ணிறத் தூள் எஞ்சும். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்.

எங்கள் மாணவர்களும் எடுத்தார்கள். நாவில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போதுதான் ஒருவன் கேட்டான்: "சார், இதற்காகவா இத்தனை ஆயிரம் பேரைச் சிறையில் போட்டார்கள்?"

கேலியாகக் கேட்ட கேள்வி அன்று அது. கையில் இருந்த தூளுக்கும் பாடப் புத்தகத்தில் படித்ததற்கும் இடையே உள்ள பொருத்தம் அவனுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

கதிரவன் செய்யும் வேலை

ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து சுமார் 35 கிராம் கரைந்திருக்கின்றன. அதில் நாம் உண்ணும் சோடியம் குளோரைடு மட்டும் ஏறக்குறைய 27 கிராம். ஆகவே அரை கிராம் அளவுள்ள ஒரு சிட்டிகை உப்புக்குச் சுமார் 18 மில்லி லிட்டர் கடல்நீரை ஆவியாக்க வேண்டும். ஒரு கிராம் நீரை ஆவியாக்கத் தேவைப்படும் உள்ளுறை வெப்பம் சுமார் 2,400 ஜூல். பெருக்கிப் பார்த்தால் 43,000 ஜூல் வருகிறது. நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் முக்கால் நிமிடத்தில் கொட்டிவிடும் ஆற்றல் இது.

இப்போது ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர், ஒருவருக்கு ஆண்டுக்கு 6 கிலோ உப்பு என்று கொண்டால் மொத்தம் 30 கிலோ. அதற்கு வேண்டிய கடல்நீர் ஏறக்குறைய 1,100 லிட்டர். அவ்வளவு நீரையும் மின்சாரத்தால் காய்ச்சி ஆவியாக்குவதானால் 700 யூனிட்டுக்கும் மேல் செலவாகும். இந்த வேலையைக் கடற்கரையில் கதிரவன் கூலி கேட்காமல் செய்து கொடுக்கிறது. கடல் பொங்கி வற்றிய பள்ளங்களில், மனிதன் பாத்தி கட்டாமலே உப்புப் பூத்துக் கிடக்கும். மனிதன் செய்ய வேண்டியது குனிந்து எடுப்பது ஒன்றே.

சட்டம் எதைத் தடுத்தது?

அந்தக் குனிந்து எடுப்பதைத்தான் சட்டம் குற்றமாக்கியது. 1882ஆம் ஆண்டின் இந்திய உப்புச் சட்டத்தின்படி உப்பு உற்பத்தியும் விற்பனையும் அரசின் தனியுரிமை. உரிமம் இல்லாமல் உப்பு எடுப்பவர் தண்டனைக்கு உரியவர். இதற்கு முன்பே, உப்புக் கடத்தலைத் தடுப்பதற்காக வட இந்தியாவின் குறுக்கே 2,000 மைலுக்கும் மேல் நீண்ட ஒரு சுங்க எல்லை இருந்தது. அதன் பெரும்பகுதியில் முள்வேலியே வளர்த்திருந்தார்கள். காவலுக்குச் சுமார் 12,000 பேர் இருந்தனர். 1879இல்தான் அது கைவிடப்பட்டது.

வரியின் அளவைப் பார்ப்போம். 1924 முதல் ஒரு மணங்குக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, ஒரு ரூபாய் நான்கு அணா வரி. நாம் மேலே எடுத்துக்கொண்ட குடும்பத்தின் 30 கிலோவுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஒரு ரூபாய் வருகிறது.

"ஒரு ரூபாய்தானே?" என்றாள் ஒரு மாணவி.

ஒரு ரூபாய்தான். ஆனால் அந்த ஒரு ரூபாய் யாருடையது என்று பார்க்க வேண்டும். 1930 மார்ச் 2ஆம் நாள் வைசிராய் இர்வின் பிரபுவுக்கு எழுதிய கடிதத்தில் காந்தியடிகள் இரண்டு எண்களை எடுத்துக்காட்டியிருந்தார். இந்தியர் ஒருவரின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டு அணாவுக்கும் குறைவு. வைசிராயின் சம்பளமோ நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்த எண்களின்படி, ஒரு ரூபாய் என்பது ஏழையின் எட்டு நாள் வருமானம். வைசிராய்க்கு அதே தொகை இரண்டு நிமிடத்தில் வந்து சேரும். பணக்காரரின் உடலுக்கும் ஏழையின் உடலுக்கும் வேண்டிய உப்பு ஏறக்குறைய ஒன்றே. வெயிலில் உழைத்து வியர்ப்பவனுக்குச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். எனவே, உப்பின் மேல் விதிக்கும் வரி உழைப்பவன் மேல்தான் கனமாக இறங்கும்.

எங்கும் செய்யத்தக்க சோதனை

காந்தியடிகள் உப்பைத் தேர்ந்தெடுத்தபோது காங்கிரஸ் தலைவர்களிலேயே பலர் வியந்தனர். மாபெரும் போராட்டத்துக்கு உப்பா என்று ஆங்கில அதிகாரிகள் நகைத்தனர். ஆய்வுக்கூடத்தில் பழகியவர்களுக்கு இந்தத் தேர்வின் நுட்பம் எளிதில் புரியும்.

அறிவியலில் ஒருவர் ஒரு சோதனையைச் செய்து முடிவு கண்டால் மட்டும் போதாது. வேறு இடத்தில், வேறு கைகள் அதைத் திரும்பச் செய்து அதே முடிவைக் காண வேண்டும். விலை உயர்ந்த கருவி தேவைப்படும் சோதனையைச் சிலரே திரும்பச் செய்ய இயலும். உப்புச் சோதனைக்கு வேண்டியவை உவர்நீர், ஒரு பாத்திரம், நெருப்பு அல்லது வெயில். எழுத்தறியாதவரும் செய்யலாம், குழந்தையும் செய்யலாம்.

மார்ச் 12 அன்று சபர்மதி ஆசிரமத்திலிருந்து 78 தொண்டர்களுடன் காந்தியடிகள் புறப்பட்டார். அப்போது அவருக்கு 60 வயது நிறைந்திருந்தது. சுமார் 240 மைல் தொலைவை 24 நாட்களில் நடந்து ஏப்ரல் 5 அன்று தண்டியை அடைந்தார். அவர் வருமுன்பே, கரையில் இயற்கையாகப் பூத்திருந்த உப்பைச் சேற்றோடு கலந்து அழித்துவிட்டிருந்தார்கள். மறுநாள் காலை அவர் கையில் எடுத்தது சேறு கலந்த ஒரு பிடி உப்பே. சேறு கலந்தாலும் உப்பு அழிவதில்லை. நீரில் கரைத்து, தெளியவைத்து, வடிகட்டிக் காய்ச்சினால் திரும்பக் கிடைத்துவிடும்.

அதன்பின் இந்தச் சோதனை நாடெங்கும் திரும்பச் செய்யப்பட்டது. பம்பாயில் கமலாதேவி சட்டோபாத்தியாயரும் எண்ணற்ற பெண்களும் உப்புக் காய்ச்சினர். தமிழகத்தில் இராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டு, சுமார் 150 மைல் நடந்து வேதாரண்யம் சேர்ந்தனர். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்று இன்றும் அப்பகுதியில் சொல்லக் கேட்கலாம். ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய இராஜாஜி கைது செய்யப்பட்டுச் சிறை சென்றார்.

தட்டில் எஞ்சாதது

நினைவகத்தின் ஏற்பாட்டை நான் குறைகூறவில்லை. கையால் செய்து பார்த்தது கண்ணால் பார்த்ததைவிட மனத்தில் நிலைக்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவோம். ஆனால் எந்தச் சோதனையும் தான் காட்டுவதை மட்டுமே காட்டும். அந்தத் தட்டு காட்டாதவை இரண்டு உண்டு.

முதலாவது காலம். வேதாரண்யத்து உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக மாறிப் பல நாள் வெயிலில் செறிவடைகிறது. நீர் ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம் படிகிறது. பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சோடியம் குளோரைடு படியத் தொடங்குகிறது. முழுவதும் வற்றும்வரை தொழிலாளர்கள் காத்திருப்பதில்லை. எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிட்டு உப்பை வாருகிறார்கள். அந்நீரில் உள்ள மக்னீசிய உப்புகள் கலந்தால் உப்பு கசக்கும்; காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும். கடல்நீரைத் தட்டில் ஊற்றி ஒட்ட வற்றவிட்டால் கசப்பும் சேர்ந்தே எஞ்சும். வெயிலில் வெறுங்காலோடு உப்பு வாருபவர்களின் அறிவும் உழைப்பும் நம் சமையலறை உப்பில் இருக்கின்றன.

இரண்டாவது, கொடுத்த விலை. மே 5ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். மே 21 அன்று தண்டிக்குத் தெற்கே உள்ள தாராசனா உப்புக் கிடங்கை நோக்கிச் சரோஜினி நாயுடு தலைமையில் தொண்டர்கள் அணியணியாகச் சென்றனர். இரும்புப் பூண் கட்டிய தடிகளால் காவலர்கள் அவர்களை அடித்தனர். தடுக்கக் கையைக்கூட உயர்த்தாமல் அவர்கள் விழுந்தார்கள். விழுந்தவர்களைத் தூக்கிச் சென்றதும் அடுத்த அணி முன்வந்தது. வெப் மில்லர் என்ற அமெரிக்கச் செய்தியாளர் அதை நேரில் கண்டார். காயமுற்றவர்கள் 320 பேரைத் தாம் எண்ணியதாகவும், இருவர் இறந்துபோனதாகவும் அவர் உலகுக்குத் தெரிவித்தார். அந்த ஆண்டு சிறை சென்றவர்கள் 60,000 பேர் என்பர்.

இவ்வளவுக்குப் பின்னும் சட்டம் உடனே ஒழிந்துவிடவில்லை. 1931 மார்ச் மாதத்துக் காந்தி-இர்வின் உடன்படிக்கை, உப்பு விளையும் பகுதி மக்கள் தம் சொந்தத் தேவைக்கும் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ள இசைவு தந்தது, அவ்வளவே. உப்பு வரி முற்றும் நீங்கியது விடுதலைக்குச் சற்று முன், இடைக்கால அரசின் காலத்தில்தான்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது, கேள்வி கேட்ட மாணவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "அப்படியானால் அவர்கள் தடுத்தது உப்பை அல்ல சார், எடுக்கும் கையை" என்றான். என் விடையைவிட அவன் சொன்னது தெளிவாக இருந்தது.

வாசகர்களில் பலருக்குத் தண்டி தொலைவு. ஆனால் வேதாரண்யமும் அகத்தியம்பள்ளி நினைவுத் தூணும் நமக்கு அருகில் இருப்பவை. அங்கும் செல்ல முடியாதவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் கல்லுப்பைக் கரைத்து, அதில் ஒரு பகுதியை அகன்ற கறுப்புத் தட்டில் மெல்லிய படலமாக ஊற்றி மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். நீர் வற்ற எவ்வளவு நேரமாகிறது என்று குறித்து, கிடைத்த உப்பை நிறுத்துப் பாருங்கள். மறுநாள் அதே அளவு நீரை நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். குறிப்பேட்டில் இந்த அளவுகளை எழுதும்போது, இதே செயலுக்காக 1930இல் உங்கள் ஊரிலோ மாவட்டத்திலோ சிறை சென்றவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு, அந்தப் பெயரையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.